காலுக்குள் வரும் பூனை: எங்கே, எப்போது தடுக்குகிறது என்று பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். ஆரஞ்சு நிறப் பூசணிக்கு 11 வயது. கன்னங்கரேலென்று இருக்கும் மிளகுக்கு இன்னும் இரண்டு முடியவில்லை. நிலைகொள்ளாமல் அலைகிறவரைக் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றுகிறார் என்று சொல்வோம். இந்த இரண்டும் குட்டி போடாமலேயே நாள் முழுக்க என் காலைச் சுற்றுகின்றன. நான் எழுந்தால் கூடவே எழும், திரும்பினால் திரும்பும், எங்காவது நின்றால் பாதத்தின் மேலேயே உட்காரும்.

போன வருடம் ஒரு விடியற்காலை, விளக்குப் போடாமல் நடந்தபோது மிளகின் வாலை மிதித்துவிட்டேன். அது போட்ட அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அன்று முழுக்கக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. அதன் பிறகுதான் இரண்டும் எங்கே, எப்போது, எதற்காகக் காலுக்குள் வருகின்றன என்று கவனிக்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது: ஒவ்வொரு இடத்தில் வருவதற்கும் ஒவ்வொரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் ஒரு கிண்ணத்தையோ விளக்கையோ முக்காலியையோ இடம் மாற்றினாலே போதும். பூனையை மாற்ற வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் இரண்டு பகுதிகளையும், கடைசி இரண்டு பகுதிகளையும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில்: மூன்று நாள் குறித்து வையுங்கள்

ஒரு துண்டுத் தாளில் மூன்றே மூன்று விஷயம். எத்தனை மணிக்கு வந்தது, எந்த இடத்தில் வந்தது, அப்போது வால் எப்படி இருந்தது.

வால் கொடிக்கம்பம் மாதிரி நேராக நின்று, நுனி மட்டும் கொக்கியாக வளைந்திருந்தால் அது நட்போடு வருகிறது. குட்டிகள் தாயிடம் போகும்போது தூக்கும் அதே வால்தான் அது. உடம்பு தரையோடு தாழ்ந்து, வால் நுனி மட்டும் இப்படியும் அப்படியும் துடித்தால் வேட்டை மனநிலையில் இருக்கிறது. வால் வயிற்றுக்கு அடியில் சுருண்டிருந்தால் எதற்கோ பயந்து உங்களிடம் ஒதுங்குகிறது. காலுக்குள் வருவது ஒன்றே என்றாலும் இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இன்னொன்றையும் பாருங்கள். பூனை நம் பின்னால் வருவதாகத்தான் சொல்கிறோம். கவனித்தால் பாதி நேரம் அது முன்னால்தான் போகிறது. நாம் போகப்போகும் திசையை ஊகித்து இரண்டடி முன்னே ஓடி, நின்று, திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறது. அது நிற்கும் அந்த ஒரு நொடியில்தான் நம் பாதம் போய் இடிக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று நாளில் நான் குறித்த இடறல்களில் பெரும்பாலானவை இப்படி நடந்தவைதான்.

"கண் இவ்வளவு கூர்மையாக இருக்கிற பிராணி ஏன் விலகாது?" என்று தோன்றும். பூனையின் கண் தூரத்தில் அசைவதைப் பிடிப்பதற்கானது. நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குப் போதும். ஆனால் முகத்துக்கு 25, 30 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் எல்லாமே மங்கல். அந்த நெருக்கத்தில் அதற்கு மீசைதான் கண். முதுகுக்கு மேலிருந்து இறங்கும் பாதத்தை மீசையால் தெரிந்துகொள்ள முடியாது. நம் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மெத்தென்ற பாதத்தோடு, முன்னங்கால் வைத்த தடத்திலேயே பின்னங்காலையும் வைத்து நடக்கிற பிராணி அது. பக்கத்தில் வந்து நிற்பது நம் காதுக்குத் தெரியவே தெரியாது.

காரணம் தெரியும்வரை செய்ய வேண்டியது

பாதத்தைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். தேய்த்து வரும் பாதம் பூனையின் மேல் பட்டால் தள்ளும், அவ்வளவுதான். தூக்கி வைத்த பாதம் இறங்கினால் நம் மொத்த எடையும் நான்கைந்து கிலோ உடம்பின் மேல் விழும். பின்னால் அடி வைக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

படுக்கையிலிருந்து சமையலறை வரை, தரையோடு ஒட்டிய உயரத்தில், மங்கலான இரவு விளக்கு ஒன்றோ இரண்டோ. இதைத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டும்.

எழுந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பூனைகள் மற்ற சொற்களிலிருந்து தங்கள் பெயரைப் பிரித்துக் கேட்கின்றன என்பதை ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. "பூசணி!" என்றால் எங்கிருந்தாவது ஒரு காது திரும்பும். எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்றே ஒன்று, அந்தப் பெயரைத் திட்டுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்தினால் கூப்பிடும்போது பதில் வராது.

அறிகுறி: காலையில் சமையலறைக்குப் போகும் வழியெல்லாம் காலுக்கு நடுவில் எட்டுப் போடுகிறது

எல்லா வீட்டிலும் முதல் புகார் இதுதான். பசி ஒரு காரணம், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் பழக்கம்.

நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நீங்கள் கண் விழிக்கிறீர்கள். பூனை இடது காலின் வெளிப்பக்கம் கன்னத்தைத் தேய்த்து, இரண்டு காலுக்கும் நடுவில் நுழைந்து, வலது காலைச் சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் வருகிறது. வால் கடைசியாக முழங்காலைத் தடவிக்கொண்டு போகிறது. தடுக்கி, சுவரைப் பிடித்து, நேராகக் கிண்ணத்துக்குப் போய் தீனி போடுகிறீர்கள். பூனையின் கணக்கில் இது மிகத் தெளிவு: எட்டுப் போட்டேன், சாப்பாடு வந்தது. நேற்றும் வந்தது, முந்தாநாளும் வந்தது. ஒவ்வொரு காலையும் நாமேதான் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

நேரமும் அதற்குச் சாதகம். விடியலும் அந்தியும்தான் பூனை இயல்பாகவே சுறுசுறுப்பாக இருக்கும் வேளைகள். அதோடு குரலையும் சேர்த்துக்கொள்ளும். 2009இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தீனி கேட்கும்போது பூனை போடும் குர்குர் சத்தத்துக்குள் அழுகையைப் போன்ற ஓர் உயர்ந்த ஒலி கலந்திருப்பதைக் கண்டார்கள். பூனை வளர்த்திராதவர்களும் அந்தச் சத்தத்தில் ஓர் அவசரம் இருப்பதாகச் சொன்னார்கள். பூசணி காலையில் போடும் சத்தத்தைக் கேட்டு நான் ஓடுவதற்கு அர்த்தம் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? எழுவதையும் தீனியையும் பிரித்துவிடுங்கள். எழுந்ததும் தீனி போடாதீர்கள். முகம் கழுவி, வேறு ஒரு வேலை முடித்து, அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள். பூனை நான்கு காலும் தரையில் ஊன்றி, உங்களை விட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் நொடி பார்த்துக் கிண்ணத்தை எடுங்கள். அந்த உட்காருதலுக்குத்தான் கூலி.

கிண்ணத்தின் இடத்தையும் மாற்றுங்கள். நீங்கள் நடக்கும் பாதையின் முடிவில் கிண்ணம் இருந்தால் பாதை முழுக்கப் பூனை இருக்கும். அறையின் எதிர்மூலைக்கு நகர்த்திவிட்டால் அது அங்கே போய் நின்றுகொண்டு உங்களைக் கூப்பிடும். நாங்கள் கிண்ணத்தை மூன்று மீட்டர் தள்ளி வைத்தோம். நான்காம் நாள் பூசணி என் காலை விட்டுவிட்டு அந்த மூலைக்கு ஓட ஆரம்பித்தது.

நேரம் வைத்துத் தானாகத் திறக்கும் தீனிப் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. சாப்பாடு மனிதக் காலிலிருந்து வருவதில்லை, பெட்டியிலிருந்து வருகிறது என்று பூனைக்குப் பதிந்துவிடும். நாளின் அளவைக் கூட்டாமல் நான்கைந்து சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பதும் உதவும். சின்னச் சின்ன இரையாகப் பல தடவை தின்பதுதான் அதன் இயல்பு.

ஒரு எச்சரிக்கை. மாற்றத்தைத் தொடங்கிய முதல் சில நாள் முன்னைவிட மோசமாகும். இவ்வளவு நாள் பலித்தது பலிக்கவில்லை என்றால் அது இன்னும் பலமாகச் செய்துபார்க்கும். அங்கே மனமிரங்கி ஒரே ஒரு தடவை போட்டுவிட்டால், "விடாமல் சுற்றினால் கிடைக்கும்" என்பதைக் கற்றுக்கொண்டுவிடும். வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் முதல் வாரம் வேலை செய்யாமல் போனதற்கு, வீட்டில் ஒருவர் யாருக்கும் தெரியாமல் ஒரு பிடி போட்டுவந்ததுதான் காரணம்.

அறிகுறி: அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது குதிகாலுக்குப் பின்னால் வந்து உட்காருகிறது

இதை மற்ற எதற்கும் முன்னால் சரிசெய்யுங்கள். கையில் கொதிக்கும் பாத்திரத்தோடு திரும்புகிறோம், குதிகாலுக்குப் பின்னால் ஒரு பூனை. இருவருக்கும் சுடும்.

அங்கே உட்காருவதற்கு வாசனை ஒரு காரணம். மேலே ஏதோ நடக்கிறது, தரையிலிருந்து பார்த்தால் தெரியவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். அதனால் சமையலறையின் ஓரத்தில், அடுப்பிலிருந்து எட்டாத தூரத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு முக்காலியோ அலமாரித் தட்டோ கொடுங்கள். மேலே ஒரு துணி விரித்துவிடுங்கள், வழுக்காது. ஏறி உட்கார்ந்தால் ஒரு துணுக்கு. இறங்கிக் காலடிக்கு வந்தால் ஒன்றும் இல்லை. மிளகு இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. இப்போது கத்தியை எடுக்கும் சத்தம் கேட்டதுமே முக்காலியில் ஏறி, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கை அசையும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பழகும்வரை, வெந்நீரோ எண்ணெயோ தூக்கும் சில நிமிடங்களுக்குக் கதவைச் சாத்திவிடுங்கள். கதவு இல்லாத சமையலறை என்றால் பூனையை வேறு அறையில் விட்டுவிடுங்கள். இதில் பாவம் பார்க்க வேண்டாம்.

அறிகுறி: வெளியிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் காலில் வந்து மோதுகிறது

கன்னம், நெற்றி, மோவாய், வாலின் அடி, இங்கெல்லாம் பூனைக்கு வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. நீங்கள் வெளியே போய் எத்தனையோ வாசனையை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வீட்டு வாசனையை மறுபடி பூசி உங்களைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. ஒரே இடத்தில் ஒற்றுமையாக வாழும் பூனைகள் ஒன்றோடொன்று இதைத்தான் செய்கின்றன. நம்மிடம் அதற்கு எட்டுவது கால் மட்டும்தான். எனக்கு இது வீட்டில் நடக்கும் அழகான விஷயங்களில் ஒன்று. நிறுத்த வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

இடறாமல் இருக்க வழி: நடந்துகொண்டே இதை வாங்கிக்கொள்ளாதீர்கள். வாசலிலேயே நில்லுங்கள். பையைக் கீழே வையுங்கள். குனிந்து விரல் முட்டியை மூக்குக்கு நேராக நீட்டுங்கள், அதுவே வந்து கன்னத்தைத் தேய்க்கும். அரை நிமிடம். முடிந்ததும் திரும்பிப் போய்விடும். அந்த அரை நிமிடத்தைக் கொடுக்காமல் நடந்தால்தான் கூடம் முழுக்கக் காலுக்குள் வந்துகொண்டிருக்கும்.

அறிகுறி: சோபாவுக்கு அடியிலிருந்து பாய்ந்து கணுக்காலைக் கவ்வுகிறது

வால் நுனி துடிக்கும் வகை இது. இரண்டு வயதுக்குள் இருக்கும் பூனைகளிடம்தான் அதிகம்.

மிளகு பதுங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். திரைச்சீலைக்குக் கீழே மூக்கு மட்டும் தெரியும். காது இரண்டும் முன்னால் வரும். கண்மணி விரிந்து கண்ணே கறுப்பாகிவிடும். பின்னங்கால்கள் இரண்டும் மாறி மாறி இடத்தை மிதித்துப் பார்க்கும், பின்பக்கம் லேசாக ஆடும். அதுதான் கடைசி அறிவிப்பு. அந்த ஆட்டம் தொடங்கி ஒரு மூச்சு விடுவதற்குள் கணுக்காலில் இருக்கும்.

கோபம் எதுவும் இல்லை. பதுங்குவது, துரத்துவது, பாய்வது, கவ்வுவது என்று ஒரு வேட்டை வரிசை அதன் உடம்பிலேயே இருக்கிறது. நாள் முழுக்க அசையாத வீட்டில் அசைகிற பொருள் உங்கள் கணுக்கால் ஒன்றுதான்.

பாய்ந்துவிட்டால் அசையாதீர்கள். காலை வெடுக்கென்று இழுத்தால் நகம் இன்னும் ஆழமாகக் கிழிக்கும், ஓடும் இரை என்று பிடியும் இறுகும். மரக்கட்டை மாதிரி நின்றுவிட்டால் சுவாரஸ்யம் போய்விடும், விட்டுவிடும். கத்தவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். அடித்தால் விளையாட்டு பயமாக மாறும், பயந்த பூனை நிஜமாகவே கடிக்கும்.

வரப்போகும் பாய்ச்சலைத் தடுக்க, அது வழக்கமாகப் பதுங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கோலின் முனையில் இறகோ துணியோ கட்டிப் பத்து, பதினைந்து நிமிடம் விளையாட்டுக் காட்டுங்கள். மாலையில் ஒரு தடவை கட்டாயம், முடிந்தால் காலையிலும். பூனையை நோக்கி ஆட்டாதீர்கள், எந்த இரையும் வேட்டைக்காரனைத் தேடி வராது. விலகி ஓட வேண்டும், மறைய வேண்டும், நடுவில் நிற்க வேண்டும். கடைசியில் பிடிபடவும் வேண்டும். பிடித்த கையோடு தீனி போட்டுவிட்டால் வேட்டை முடிந்து, தின்று, உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்கப் போய்விடும். லேசர் ஒளியை மட்டும் காட்டி நிறுத்துகிறவர்கள், முடிவில் அந்தப் புள்ளியை ஒரு பொம்மையின் மேல் கொண்டுபோய் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பிடிக்க முடியாத ஏக்கத்தோடு மறுபடி கணுக்காலுக்குத்தான் வரும். ஒளி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டியாக இருக்கும்போது போர்வைக்கு அடியில் கால் விரலை ஆட்டி விளையாடுவதை இன்றே நிறுத்துங்கள். குட்டிக்கு அது விளையாட்டு. பெரிதானதும் அதே விரல்தான் இலக்கு.

பல் பட்டுத் தோல் கிழிந்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பூனையின் பல் ஊசி மாதிரி, கிருமியை ஆழத்தில் விட்டு மேலே துளை மூடிக்கொள்ளும். பார்க்கச் சின்னதாக இருக்கிறதே என்று விடக்கூடாது.

அறிகுறி: மாடிப்படியில் குறுக்கே ஓடுகிறது

அமெரிக்காவில் 2001 முதல் 2006 வரையிலான தகவல்களை வைத்து, நாயாலோ பூனையாலோ விழுந்து அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 86,000க்கும் மேல். அதில் பூனையால் விழுந்தவர்கள் 12 சதவீதத்துக்கு அருகில்தான், ஆனால் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பூனை தடுக்கி விழுந்தவர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தப் பகுதியைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

படியில் நீங்கள் முதல் அடி வைக்கும்போது பூனைக்குப் போகும் இடம் தெரிந்துவிடுகிறது. மேலே, அல்லது கீழே. அதனால் முந்தப் பார்க்கிறது. முந்த விடுங்கள். படியின் தொடக்கத்தில் நின்று, அது ஓடி முடித்த பிறகு இறங்குங்கள். ஒரு கை எப்போதும் கைப்பிடியில். துணிக்கூடையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினால் பாதமே கண்ணுக்குத் தெரியாது. கூடையைச் சிறிதாக்கி இரண்டு நடையாக எடுத்துப் போங்கள். தீனிக் கிண்ணமோ, பூனை மலசலம் கழிக்கும் மணல் தட்டோ படியின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருக்கக் கூடாது. படிகளில் பொம்மையும் கிடக்கக் கூடாது.

அறிகுறி: வீட்டுக்குள் நாம் நடக்கும் வழியின் நடுவில் படுத்துவிடுகிறது

சுற்றுப்புறம் 30 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் பூனையின் உடம்புக்குச் சிரமமில்லாத சூடு. அதனால் வெயில் விழும் கட்டம் எங்கே போகிறதோ அங்கே அதுவும் நகர்ந்து படுக்கும். இரண்டு அறைகள் சந்திக்கும் வாசலிலும் படுக்கும், அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும். வாசலுக்கு அருகிலேயே, சுவரோரமாக, கொஞ்சம் உயரத்தில், அதே காட்சியும் அதே வெயிலும் கிடைக்கும் இடத்தில் ஒரு படுக்கை போடுங்கள். வேறு மூலையில் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது.

கறுப்புப் பூனை என்றால் இருட்டில் தெரிய வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் கழுத்துப் பட்டை போடலாம். பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் நான்தான். சின்ன மணியும் சேர்த்துக் கட்டினேன், நடந்தால் தெரிகிறது. படுத்திருக்கும் பூனைக்கு மணி உதவாது என்பதை மறக்க வேண்டாம். பட்டை எதிலாவது மாட்டி இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும் வகையாக இருக்க வேண்டும், இது கட்டாயம்.

குளியலறைக்கும் மேசைக்கும் வருகிறது

குளியலறைக்குப் பின்னாலேயே வருவதும், கதவுக்கு அடியில் பாதத்தை விட்டுத் துழாவுவதும் சாத்திய கதவைப் பொறுக்காததால்தான். ஈரத்தரையில் நீங்கள் வழுக்காமல் இருக்க வேண்டுமானால் சாத்திவிட்டுத்தான் குளிக்க வேண்டும். அழுகைக்குத் திறக்காதீர்கள்.

சக்கரம் வைத்த மேசை நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் நகர்வதற்கு முன் கீழே பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் வால் நீண்டு கிடக்கும். மேசைமேல் உங்கள் கைக்குப் பக்கத்தில், தாழ்ந்த விளிம்புள்ள ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். பெட்டி இருந்தால் காலடியைத் தேடாது.

அறிகுறி: இன்னொரு பூனையைப் பார்த்துவிட்டு உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிகிறது

வால் சுருண்டிருக்கும் வகை. பூசணி ஒரு மாதம் இப்படி இருந்தது. மிளகு சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டு அதைத் தண்ணீர் குடிக்கவே விடவில்லை, எங்களுக்குத் தெரியவில்லை. கிண்ணம், தண்ணீர், படுக்கை எல்லாவற்றையும் வேறு வேறு அறைகளில் பிரித்து வையுங்கள். மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி. உயரத்தில் ஏறி ஒதுங்க இரண்டு வழி வேண்டும், ஒன்றை ஒரு பூனை மறித்தால் இன்னொன்றில் இறங்கிப் போவதற்கு.

அறிகுறி: இதுவரை வராத பூனை திடீரென்று காலைச் சுற்றுகிறது

இங்கே பழக்கம் என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள்.

நன்றாகத் தின்கிறது, இன்னும் கேட்டுச் சுற்றுகிறது, ஆனால் இளைக்கிறது. வயதான பூனையில் இது தைராய்டு அதிகமாகச் சுரப்பதாலோ நீரிழிவாலோ இருக்கலாம். தண்ணீர் அதிகம் குடித்து, மணல் தட்டு வழக்கத்தைவிட நனைந்திருந்தால் நீரிழிவோடு சிறுநீரகத்தையும் சந்தேகிக்க வேண்டும். இரத்தமும் சிறுநீரும் சோதித்தால் தெரிந்துவிடும். பூசணியை எடை போடுவதை நான் மாதா மாதம் வைத்துக்கொண்டிருக்கிறேன். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி நிற்பேன், பிறகு நான் மட்டும் ஏறுவேன், வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வேன். அரைக் கிலோ குறைவதுகூட அந்தச் சின்ன உடம்பில் பத்தில் ஒரு பங்கு.

சுவரில் இடிக்கிறது, வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருக்கிறது, உங்கள் காலை ஒட்டியே நடக்கிறது. இரத்த அழுத்தம் கூடி விழித்திரை விலகிப் பார்வை போயிருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள். சீக்கிரம் கண்டால் சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு திரும்புகிறது.

ஆண் பூனை உங்களிடம் வந்து கத்துகிறது, மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை அல்லது சொட்டுதான் வருகிறது. இது அவசரம். சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவானாலும் கிளம்புங்கள், காலை வரை காத்திருக்காதீர்கள்.

கருத்தடை செய்யாத பெண் பூனை காலில் ஓயாமல் உரசி, தரையில் புரண்டு, முன்பக்கம் தாழ்த்திப் பின்பக்கம் தூக்கி, இழுத்து இழுத்துக் கத்தினால் நோய் இல்லை, பருவம். சில பூனைகளுக்கு நான்கு மாதத்திலேயே வந்துவிடும். கருத்தடைக்கு மருத்துவரிடம் நாள் கேளுங்கள்.

மிதித்துவிட்டால்

உடனே எடையை எடுத்துவிட்டு அப்படியே நில்லுங்கள். துரத்திப் பிடித்துச் சமாதானப்படுத்த வேண்டாம். வலியிலும் பயத்திலும் இருக்கும் பூனை கடிக்கும். அதற்குப் பிடித்த மறைவிடத்துக்குப் போக விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தள்ளியிருந்து பாருங்கள்: நான்கு காலிலும் எடை போட்டு நடக்கிறதா, மூச்சு வழக்கம்போல இருக்கிறதா, வால் அசைகிறதா. நொண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, வால் உயிரில்லாத கயிறு மாதிரி தொங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். வாலின் அடிப்பகுதி பலமாக இழுபட்டால் சிறுநீர்ப்பையை இயக்கும் நரம்புகளும் அடிபட்டிருக்கலாம். அதனால் அன்றும் மறுநாளும் சிறுநீர் கழித்ததா என்று தட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

நம் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு, அதை முறிக்கும் திறன் அதன் கல்லீரலுக்குப் போதாது. ஒரு மாத்திரையே கொல்லப் போதும். ஐபுப்ரூஃபெனும் கூடாது.

பயம் தெளிய, அறையின் மறுபக்கம் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். முறைத்துப் பார்க்காமல், கண்ணைப் பாதி மூடி, மெதுவாக முழுதும் மூடித் திறங்கள். மனிதர் இப்படி மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனையும் திருப்பிச் சிமிட்டுகிறது, நீட்டிய கையை நோக்கி வரவும் செய்கிறது என்று 2020இல் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மிளகின் வாலை மிதித்த அன்று இரவு கட்டிலுக்குப் பக்கத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இருட்டில் இரண்டு மஞ்சள் கண்கள் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் கழித்து அவை ஒருமுறை மெதுவாக மூடித் திறந்தன.

மறுநாள் காலை இரவு விளக்கு இரண்டு வாங்கி மாட்டிக்கொண்டிருந்தபோது கணுக்காலில் ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். வால் நேராக நின்றிருந்தது, நுனியில் கொக்கியோடு.